திருவொற்றியூர்க் கோயிற்சுவரும் ஷார்த்ர் பேராலயமும்

மேற்படிப்புக்காக மேலைநாடுகளுக்குச் செல்லும் நம் ஆயர்களும் ஆசிரியர்களும் ஃபிரான்சு நாட்டின் பேராலய நகரங்களுள் ஒன்றையேனும் காணாது திரும்புவது அரிது. பாரிசு மாநகருக்குத் தென்மேற்கே, கோதுமை வயல்களுக்கிடையே அமைந்த ஷார்த்ர் அத்தகைய நகரங்களுள் தலையாயது. நெடுந்தொலைவிலேயே புலப்படும் இரு கோபுரங்கள், நீல ஒளி பரப்பும் கண்ணாடிப் பலகணிகள், நிலைவாயில்களில் நெருங்கி நிற்கும் கற்சிலைகள் ஆகியவற்றைக் கண்டு வியந்தோர், அவற்றைத் தம் மாணவர்க்கும் சபையார்க்கும் எடுத்துரைத்து மகிழ்கின்றனர். 1979ஆம் ஆண்டு இப்பேராலயம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவர்களே சென்னைக்கு வரும்போது, இராயபுரம், தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர் நெடுஞ்சாலையில் பலமுறை பயணம் செய்திருப்பர். துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசையையும் ஆலைகளின் மதிற்சுவர்களையும் பார்த்திருப்பர். அவ்வழியில் உள்ள திருவொற்றியூரில் இறங்கி, ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கற்கோயில் ஒன்றின் சுவரை நின்று நோக்கியவர் நம்மில் மிகச் சிலரே. இடைக்காலச் சமயக் கட்டடக்கலை என்றவுடன் ஐரோப்பாவை நினைப்பதும், அண்டையிலிருப்பதைப் பிறர் உடைமை என்று ஒதுக்குவதும் நமக்குப் பழகிவிட்டன.

ஷார்த்ரையும் திருவொற்றியூரையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரையில் முற்படுகின்றோம். எது பெரிது, எது அழகியது என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஒரு வழிபாட்டிடத்தைக் காண்பவர், அதன் உருவத்தை மட்டுமன்றி, அது யாருடைய பொருளால் எழுந்தது, யாருக்குச் சோறும் கல்வியும் அளித்தது, யாருடைய உழைப்பால் நிலைத்தது என்பவற்றையும் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை தருவதில் திருவொற்றியூர்ச் சுவர் வியக்கத்தக்க நேர்மையுடையது. அதே வினா இறுதியில் நம் சபைகளிடமும் வந்து நிற்கும்.

1. ஒரே காலத்தில் எழுந்த இரு ஆலயங்கள்

கி.பி. 1020ஆம் ஆண்டு ஷார்த்ர் பேராலயம் தீக்கிரையாயிற்று. அப்போது அங்குப் பேராயராக இருந்தவர் ஃபுல்பர்ட். புகழ் வாய்ந்த ஆசிரியராகவும் விளங்கிய இவர், ஆலயத்தை மீண்டும் எழுப்பப் பல நாட்டு மன்னரிடம் உதவி வேண்டினார். இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் மன்னன் அனுப்பிய பொருளுக்கு நன்றி கூறி இவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. 1028இல் அவர் மறைந்தார். அவர் அமைத்த நிலவறை ஆலயம் இன்றைய பேராலயத்திற்கு அடியில் நிலைத்திருக்கின்றது. நாம் காணும் மேற்கட்டடத்தின் பெரும்பகுதி 1194இல் நேர்ந்த மற்றொரு பெருந்தீக்குப் பின் எழுந்து, 1260இல் அர்ப்பணம் செய்யப்பட்டதாகும்.

ஃபுல்பர்ட் வாழ்ந்த அதே காலத்தில் தமிழகத்தை ஆண்டவன் முதலாம் இராசேந்திர சோழன் (1014-1044). அவன் ஆட்சியில், திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் விமானம் கருங்கல்லால் மூன்று தளமுடையதாக எழுப்பப்பட்டது. பணிக்கு வழிகாட்டியவர் அவ்வூர் மடத்தின் தலைவரான சதுரானன பண்டிதர். பணியை முடித்த சிற்பி வீரசோழத் தச்சன் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற இரவி. ஷார்த்ரில் அத்தனை பெரிய கட்டடத்தைத் திட்டமிட்டு எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. திருவொற்றியூர்க் கல்வெட்டோ சிற்பியின் பெயரை அரசன் பெயரோடும் குருவின் பெயரோடும் சேர்த்துப் பொறித்து வைத்திருக்கின்றது.

விமானத்தின் வடிவமும் கருதத்தக்கது. பின்புறம் அரைவட்டமாக வளைந்து, படுத்துறங்கும் யானையின் முதுகைப் போலத் தோன்றுவதால் இதனைத் தூங்கானை மாடம் என்பர். பௌத்தர்களின் பழைய வழிபாட்டுக் கூடங்களும் இவ்வடிவினவே. உரோமர்களின் பொதுமன்றக் கட்டடத்தைத் தழுவி எழுந்த முற்காலக் கிறிஸ்தவ ஆலயங்களும் திருப்பீடம் அமைந்த முனையில் இவ்வாறே வளைந்திருந்தன. தொடர்பில்லாத மக்கள், தாம் புனிதமெனக் கருதிய ஒன்றைச் சூழ்ந்து நிற்க விரும்பியபோது ஒத்த வடிவங்களை நாடினர் போலும்.

சோழர் காலத்திற்கு முன்பே இவ்வூர் புகழ் பெற்றிருந்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் இதனைப் பாடியுள்ளனர். பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்துக் கல்வெட்டுகளும், தொண்டைமண்டலத்தைக் கைப்பற்றிய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன. அவற்றுள் ஒன்று உள்ளத்தை உருக்கும் வரலாற்றைக் கூறுகின்றது. கேரள நாட்டில் பிறந்த வல்லபன் என்பவன் சோழ இளவரசன் இராசாதித்தனின் தோழனாகவும் படைத்தலைவனாகவும் இருந்தான். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் வீழ்ந்தபோது அவனோடு உயிர்விடும் வாய்ப்பு இவனுக்குக் கிட்டவில்லை. அத்துயரம் தாங்காது கங்கையில் நீராடித் திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்தின் தலைவரானான். பின்வந்த மடத் தலைவர்களும் அப்பெயரையே தாங்கினர். போர்க்களத்தில் தன் தலைவனை இழந்து, தான் உயிர் பிழைத்ததற்காக நொந்த ஒருவனின் மனத்துயர் ஒரு மடத்தின் மரபாக மாறிய வரலாறு இது. ஆயர்பணியில் இருப்போர் இதன் பொருளை எளிதில் உணர்வர்.

2. வாயிலில் நிற்கும் இலக்கணம்

ஷார்த்ரின் மேற்கு வாயில் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைந்தது. அதன் வலப்புற நிலையில், குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியாளைச் சுற்றி ஏழு கலைகளும் பெண்ணுருவில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இலக்கணம் கையில் பிரம்பேந்தி நிற்கின்றது. காலடியில் இரு சிறுவர் அமர்ந்துள்ளனர். ஃபுல்பர்ட் வளர்த்த பேராலயப் பள்ளி, பின்னர் பெர்னார்ட், தியெரி முதலிய ஆசிரியர்களால் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடும் திருச்சபை, சொல்லின் இயல்பை ஆராயும் கலையைத் தன் வாயிலில் நிறுத்தியது பொருத்தமே.

திருவொற்றியூரிலும் இலக்கணத்திற்குக் கோயிலுள் இடமிருந்தது. பாணினிக்குச் சிவபெருமான் இலக்கணம் அருளிய இடம் இது என்பது அவ்வூர் மரபு. அதனையொட்டி வியாகரணதான மண்டபம் எனப் பெயர்பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு இலக்கணம் பயிற்றுவோரையும் பயில்வோரையும் பேணுதற்கு 65 வேலி நிலம் வரி நீக்கி வழங்கப்பட்டது. இன்றைய வேலிக் கணக்கில் இது 400 ஏக்கருக்கும் மேலாகும். நம் இறையியல் கல்லூரிகளுள் எத்தனைக்கு இத்தகைய நிலைத்த வருவாய் உண்டு என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கேள்விச் செல்வமும் அங்குக் குறைவின்றி இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் இராசாதிராசன் தன் 9ஆம் ஆட்சியாண்டில் பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு வந்தான். அப்போது சதுரானன பண்டிதரும் வாகீசுவர பண்டிதரும் உடனிருக்க, மகிழ மரத்தடியில் அமர்ந்து ஆளுடைய நம்பியாகிய சுந்தரரின் வரலாற்றைக் கேட்டான் என்று கல்வெட்டு கூறுகின்றது. சுந்தரர் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று சூளுரைத்தது அம்மகிழ மரத்தடியில்தான். அச்சூளை மீறியதால் அவர் கண்ணொளி இழந்தார் என்பது புராணம். கொடுத்த வாக்கை மீறிய ஓர் அடியாரின் கதையை, அது நிகழ்ந்ததாகக் கருதப்பட்ட இடத்திலேயே அரசன் அமர்ந்து கேட்டான் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆலயப் பொருளால் கல்வி வளர்ந்தது என்னும் உண்மை சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு அயலானதன்று. ஜான் கால்வின் 1509இல் பிறந்த நோயோன் நகரும் ஃபிரான்சின் பேராலய நகரங்களுள் ஒன்று. அவர் தந்தை அப்பேராலயத்தின் குருமார் குழுவுக்கு எழுத்துப்பணி செய்தவர். கால்வினுக்கு 12 வயது நிரம்புமுன்பே, 1521இல், பேராலயப் பீடம் ஒன்றின் வருவாயில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதன் துணையால்தான் அவர் கற்றார். 1534இல் அவ்வருவாயைத் துறந்தார். ஆலயச் சிலைகளை நீக்கக் கற்பித்த சீர்திருத்தவாதியின் இலக்கண அறிவும் மொழிப்புலமையும் இடைக்கால ஆலயமொன்றின் நிதியால் விளைந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

3. சுவரில் எழுதப்பட்ட உழைப்பு

இனி, ஆலயத்தை நிலைக்கச் செய்த உழைப்பைக் காண்போம். திருவொற்றியூரில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அணையா விளக்குக்கான கொடைகள் அக்காலக் கோயில்களில் பெருவழக்கு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடுகள் இறக்கலாம், மூப்படையலாம். ஆனால் எண்ணிக்கை குறையலாகாது. நாள்தோறும் உரிய நெய்யை அளக்கும் கடமை இடையர் மேல் விழுந்தது. அக்கடமை அவர் வழித்தோன்றல்களையும் தொடர்ந்தது. கொடை அளித்தவர் ஒருமுறை கொடுத்தார். இடையர் குடும்பமோ தலைமுறைதோறும் கொடுத்தது.

இவ்விளக்குப் பணியின் மறுபக்கத்தைச் சேக்கிழார் அறிந்திருந்தார். அவர் போற்றும் அடியார்களுள் கலியர் திருவொற்றியூர்ச் செக்கார் குலத்தவர். கோயில் முழுதும் விளக்கேற்றிய அச்செல்வர் வறுமையுற்றபோது, பிறர் செக்கில் கூலிக்கு உழைத்து விளக்கைத் தொடர்ந்தார். அதுவும் குன்றியபோது மனைவியை விற்க முனைந்தார், வாங்குவார் இல்லை. இறுதியில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை வார்க்கத் துணிந்தபோது இறைவன் தடுத்தாட்கொண்டான் என்பர். பக்தியின் உயரத்தை இக்கதை காட்டுகின்றது. அவ்வுயரத்தின் விலையை அவர் மனைவியிடம் கேட்டறிந்தவர் யார் என்னும் வினாவையும் அது நம்முள் எழுப்புகின்றது.

மற்றொரு கல்வெட்டு புராணமன்று. நடந்த நிகழ்ச்சியின் பதிவு. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராசராசன் ஆட்சியில், நிலக்கிழார் ஒருவர் ஐந்து பெண்களைக் கோயிலில் நெல் குற்றும் பணிக்கு ஒப்படைத்தார். அவர்களோடு அவர்கள் வயிற்றில் பிறக்கும் வழித்தோன்றல்களும் கோயிலுக்கு உரியவராயினர். திருவமுது படைத்த அரிசியை யார் குற்றினர் என்பதை அச்சுவர் மறைக்கவில்லை. அதனை எழுதுவித்தவர்கள் இதனைக் குற்றமாகக் கருதி எழுதவில்லை; அறச்செயல் என்றே எழுதுவித்தனர். ஆயினும் எழுதப்பட்டமையால், 800 ஆண்டுகள் கழித்தும் அப்பெண்களின் பொருட்டு நாம் வழக்குரைக்க முடிகின்றது.

14ஆம் நூற்றாண்டில் அங்கு வேறொரு பூசல் எழுந்தது. ஆடலும் பாடலும் பிற திருப்பணிகளும் செய்த பதியிலார், தேவரடியார் முதலிய பிரிவினரிடையே யார் எங்கே நிற்பது, யாருக்கு எந்தப் பணி என்பது பற்றி வழக்கு மூண்டு, பணிகள் தடைப்பட்டன. சம்புவராயர் காலத்தில் ஒருமுறையும் விசயநகர ஆட்சியில் மறுமுறையும் அதிகாரிகள் கூடி விசாரித்து முறைமைகளை வகுத்தனர். தம் பணிக்குரிய மதிப்பை அடியவர் கேட்டபோது ஆலயத்தின் அன்றாட வழிபாடே நின்றுபோகக்கூடும் என்பதை அப்பதிவுகள் காட்டுகின்றன.

ஷார்த்ரின் கண்ணாடிப் பலகணிகளிலும் உழைப்பாளர் உளர். ரொட்டி சுடுவோர், காலணி தைப்போர், கற்சிற்பியர், தண்ணீர் சுமப்போர் எனப் பலர் பலகணிகளின் கீழ்ப்பகுதியில் தீட்டப்பட்டுள்ளனர். இத்தொழிலாளரே அன்போடு அவற்றை வழங்கினர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அதனை ஐயுறுகின்றனர். மக்கள் தம்மை எவ்வாறு காண வேண்டும் என்று பேராலயக் குருமார் விரும்பினரோ அவ்வாறே அப்படங்கள் தீட்டப்பட்டன என்பது அவர்கள் கருத்து. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பணி நடந்துகொண்டிருந்த 1210ஆம் ஆண்டிலேயே ஷார்த்ர் நகர மக்கள் திரண்டெழுந்து குருமார் குழுத் தலைவரின் மனையைத் தாக்கினர். கண்ணாடியில் அமைதியாக ரொட்டி விற்கும் மனிதரின் உள்ளக்கிடக்கை வேறாக இருந்திருக்கலாம்.

திருமறையும் இவ்வுண்மையை மறைக்கவில்லை. சாலொமோன் ஆலயம் கட்ட 30,000 பேரை அமஞ்சி ஆட்களாகப் பிடித்து, மாதந்தோறும் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினான் என்பது 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் உள்ளது. அச்சுமை பின்னர் நாடு இரண்டாகப் பிளவுபடக் காரணமாயிற்று. ஆலயக் கற்களைக் கண்டு சீடர் வியந்தபோது, ஆண்டவர் அவ்வியப்பில் பங்குகொள்ளவில்லை என்பதையும் மாற்கு 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அதற்குச் சற்றுமுன் அவர் நோக்கியது காணிக்கைப் பெட்டியருகே நின்ற ஓர் ஏழை விதவையை.

4. உடைத்தோரும் ஆய்ந்தோரும்

பிறர் ஆலயத்தை நோக்குவதில் நம் முன்னோரிடையே இருவகை மரபுகள் இருந்தன. ஒன்று உடைக்கும் மரபு. 1562இல் ஃபிரான்சில் சமயப் போர் மூண்டபோது, சீர்திருத்தச் சபையினர் ஒர்லேயான், பூர்ழ், லியோன் முதலிய நகரங்களின் பேராலயங்களில் புகுந்து சிலைகளைத் தகர்த்தனர். 1568இல் ஷார்த்ரையும் முற்றுகையிட்டனர். நகரைப் பிடிக்க இயலாமல் திரும்பினர். இன்று நம்மவர் அங்குக் கண்டு மகிழும் சிற்பங்கள், நம்மவர் தோற்றதால் எஞ்சியவை என்று கூறினும் தவறாகாது.

மற்றது ஆயும் மரபு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க், தமிழரின் நூல்களைத் திரட்டி, அவர்தம் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை 1713இல் எழுதி முடித்தார். ஹாலே நகரிலிருந்த அவருடைய மேலோர், அதனை அச்சிடுவதை விரும்பவில்லை. அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது பயன்படாது கிடந்ததால் இழப்பு நமக்கே நேர்ந்தது.

சென்னைச் சபையின் வரலாற்றிலும் ஃபிரெஞ்சுக்காரர்க்கு இடமுண்டு. 1746இல் லா பூர்தொனே தலைமையில் அவர்கள் சென்னையைக் கைப்பற்றினர். திருமறையைத் தமிழில் பெயர்த்த ஃபப்ரீசியுஸ் அப்போது தம் சபையாருடன் வடக்கே டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகர் ஆங்கிலேயருக்குத் திரும்பியபின் மிஷன் வேப்பேரியில் நிலைகொண்டது. அங்கு அதற்குக் கிடைத்த ஆலயம் கத்தோலிக்கருக்கென ஆர்மீனிய வணிகர் ஒருவர் கட்டியது. பிறர் கட்டிய ஆலயத்தில் வழிபட்டே நம் சென்னைச் சபை வளர்ந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

5. இராயபுரம் முதல் எண்ணூர் வரை

2021இல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டபின், திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி உள்ளது. தெற்கே இராயபுரத்தில் 1856இல் திறக்கப்பட்ட இரயில் நிலையம் தூண்களோடு நிற்கின்றது. அருகே 1820களில் எழுந்த புனித இராயப்பர் கத்தோலிக்க ஆலயம் இருக்கின்றது. நாம் பேதுரு என்று அழைப்பவரையே அவர்கள் இராயப்பர் என்பர். ஊர்ப் பெயரும் அவர் பெயராலேயே வந்தது என்று கூறப்படுகின்றது. அதனை எழுப்பியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் அமையாத அக்காலத்தில், கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, கரைமோதும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் கொணர்ந்தவர்கள் இவர்களே. மீன்பிடித்தவரான பேதுருவின் பெயரால், படகுக் கூலியிலிருந்து ஈந்தவர்கள் கட்டிய ஆலயம் அது. ஸ்காட்லாந்து மிஷனின் பெண்கள் மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த ரெய்னி மருத்துவமனையும் இப்பகுதியிலேயே உள்ளது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் ஆலைகள் வந்தது 20ஆம் நூற்றாண்டில். தீப்பெட்டி, மோட்டார் வாகனம், இரப்பர், உரம், அனல்மின்சாரம் என்று அவை பெருகின. பல மாவட்டங்களிலிருந்து வந்து உழைத்தோரில் நம் சபையாரும் உண்டு. அவர்கள் வாரக்கூலியில் ஒதுக்கிய காணிக்கையால் ஆலயங்கள் எழுந்தன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது, கரையிலிருந்த கசடை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் தம் படகுகளில் சென்று அதனை அகற்றினர்.

இவ்வுழைப்பாளர் பெயர் நம் ஆலயச் சுவர்களில் உண்டா? நம் சலவைக்கல் பலகைகள் அடிக்கல் நாட்டிய பேராயரையும், அர்ப்பணம் செய்தவரையும், பெருங்கொடையாளரையும் குறிக்கின்றன. கொத்தனாரின் பெயரில்லை, திருவிருந்தின் அப்பத்தைச் சுட்டவர் பெயரில்லை, ஆலயத்தைப் பெருக்கிய பெண்ணின் பெயரில்லை. திருவொற்றியூர் இரவியின் பெயரை எழுதியது. ஐந்து பெண்களின் அடிமைநிலையையும் எழுதியது. நாமோ புகழையும் எழுதாமல் குற்றத்தையும் எழுதாமல் விட்டுவிட்டோம். 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை நீங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் திருவிருந்தை விட்டு விலகினர். யார் முன்னே அமர்வது, யார் முதலில் பாத்திரத்தில் பருகுவது என்னும் அவ்வழக்கு, 14ஆம் நூற்றாண்டுத் திருவொற்றியூர் வழக்கினின்று எவ்வளவு வேறுபட்டது? அவ்வழக்கில் கீழே நிற்க வைக்கப்பட்டோரின் பெயர்களை எத்தனை சபை வரலாறுகள் கூறுகின்றன?

6. நமது கடமை

இறையியல் மாணவர் திருச்சபை வரலாறு பயிலும்போது ஷார்த்ரின் படங்களைக் காண்பது நன்று. அதனோடு ஒரு நாள் திருவொற்றியூர்ச் சுவரின் முன்னும் அவர்கள் நிற்க வேண்டும். வழிபடுவோர்க்கு இடையூறின்றி, அவ்விடத்துக்குரிய ஒழுங்குகளைப் பேணி, ஒரு கல்வெட்டையாவது வரலாறறிந்தவர் துணையோடு படித்தறிய வேண்டும். உடைக்கும் எண்ணமும் ஒதுங்கும் எண்ணமும் நீங்கி, அண்டை வீட்டாரின் வரலாற்றை அறியும் அன்பு வளர அது உதவும்.

பின்னர் அவர்கள் தத்தம் சபைகளுக்குத் திரும்பி, ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் திறக்கட்டும். பழைய பதிவேடுகளில் தொழில் என்னும் கட்டத்தில் கூலி, படகோட்டி, ஆயா, கொத்தனார் என்று எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். பூச்சி அரிப்பதற்குமுன் அவற்றைப் படியெடுத்து, மூத்தோர் நினைவுகளையும் கேட்டெழுதி, ஒவ்வொரு சபையும் தன் வரலாற்றைத் தொகுக்கட்டும். யார் கொடுத்தார் என்பதோடு, யார் சுமந்தார், யார் பின்னே அமர்த்தப்பட்டார் என்பதும் அதில் இடம்பெறட்டும். சபை நூற்றாண்டு மலர் வெளியிட முனையும் ஆயர்கள், பெருங்கொடையாளர் படங்களை அச்சுக்கு அனுப்புமுன் அப்பதிவேடுகளின் தொழிற்கட்டத்தை ஒருமுறை படித்தல் வேண்டும்.